ஒன்பதாயிரம் லிட்டர் குளியல்

1964-ம் வருஷம் தை அமாவாசைக்கு மூன்றாம் நாள், மாலை நாலரை மணிக்கு, எலந்தவாக்கம் ஏரிக்கரையில் ஒன்பதாயிரம் லிட்டர் சாராய ஊறல் பிடிபட்டது. அந்தத் தாலுகாவில் அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, ஒரே இடத்தில் அவ்வளவு ஊறல் சிக்கியதில்லை.

சிக்கிய நிமிஷத்தில் குணசுந்தரி அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தட்! தட்! தட்!

"போலீஸ்! கதவைத் தொற!"

"குளிச்சிக்கினு கீறோம். பொம்பளைங்க குளிக்கிற எடத்துல போலீசுக்கு இன்னா வேலை?"

"உள்ள எத்தினி பேரு?"

"நாலு பேரு."

வெளியே காகிதத்தில் பென்சில் ஓடியது. "நாலு பேர்... கதவைத் திறக்க மறுப்பு..." என்று யாரோ முனகிக்கொண்டே எழுதினார்கள்.

"யக்கா, இவன் இன்னாத்துக்கு வந்துகீறான்?"

பக்கத்தில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த குப்பம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நாம குளிக்கிறது கவர்மெண்டுக்குத் தெரிஞ்சி பூட்ச்சி போல."

நால்வரும் ஈரப் புடவையோடு வெளியே வந்தார்கள். மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் ஆதிநாராயணன் மூக்கில் கைக்குட்டையோடு உள்ளே போனார். நடுவில் இடுப்பளவு உயரத்தில் சிமெண்டுத் தொட்டி. தண்ணீர் பழுப்பாக இருந்தது. மேலே நுரை கட்டியிருந்தது. தொட்டியின் விளிம்பில் எறும்புகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆதிநாராயணன் ஒரு விரலை நனைத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார்.

"வெல்லம்" என்றார். "புளிச்சிருக்கு. எழுது. காய்ச்சுறதுக்காக ஊறப் போட்ட ஊறல்."

"எவ்ளோ சார்?" என்றார் கான்ஸ்டபிள்.

சுவரில் கமிட்டி எழுதி வைத்திருந்தது: 'கொள்ளளவு 2000 காலன்.' ரிஜிஸ்தரில் லிட்டரில்தான் எழுத வேண்டும். கான்ஸ்டபிள் சுவரிலேயே பென்சிலால் பெருக்கிப் பார்த்தார். ஒன்பதாயிரம் வந்தது. ஆதிநாராயணன் அந்தப் பெருக்கலை இரண்டு முறை சரிபார்த்தார். அந்த மாதத்துக்கு அவர் பிடித்துக் காட்ட வேண்டிய ஊறலில் இன்னும் நாற்பது லிட்டர்தான் பாக்கியிருந்தது.

வெல்லம் அந்தத் தொட்டிக்குள் எப்படி வந்தது?

எலந்தவாக்கத்தில் ஒரு ரைஸ் மில் இருந்தது. பதினேழு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். விடியும் முன்பே நெல்லை அவித்து, களத்தில் கொட்டி, காலால் கோடு போட்டுத் துழாவி, காய்ந்ததை அள்ளி, உமி பறக்கும் மிஷினுக்கு அடியில் கூடை பிடிக்க வேண்டும். வேலை முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருத்தியும் தலை முதல் கால் வரை சாம்பல் நிறத்தில் இருப்பாள். நெல்லின் சுணை கழுத்திலும் முதுகிலும் ஏறி, ஆயிரம் ஊசி குத்துவதுபோல் அரிக்கும். குளிக்காமல் வீட்டுக்குப் போனால் பிள்ளையைத் தூக்க முடியாது. படுக்க முடியாது.

குளிப்பதற்கு ஏரி இருந்தது. ஏரிக்கரை மேல்தான் கும்மிடிப்பூண்டி பஸ் போகும். டிரைவர்கள் எல்லோரும் சரியாக அந்த இடத்தில்தான் கியர் மாற்றுவார்கள். எதிரே டீக்கடை. டீக்கடையின் பெஞ்சுகள் எல்லாம் ஏரியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. கட்டிய புடவையோடு முங்கி, கட்டிய புடவையோடு எழுந்து, கட்டிய புடவையோடு வீட்டுக்கு நடக்க வேண்டும். முதுகில் இருக்கும் சுணை முதுகிலேயே இருக்கும்.

'எங்களுக்கு நாலு சுவர் வேண்டும்' என்று பதினேழு பேரும் கைநாட்டு வைத்து ஒரு மனுக் கொடுத்தார்கள். நாலு சுவர் மட்டும் கட்டினால் திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வரமாட்டார்கள் என்பதால் ஒரு பூங்காவும் சேர்க்கப்பட்டது. குரோட்டன்ஸ் செடிகள், இரண்டு சிமெண்டு பெஞ்சுகள், கம்பத்தில் ஒரு ரேடியோக் குழாய். 'ஏரிக்கரைப் பூங்கா மற்றும் மகளிர் குளியல் கூட நிர்வாகக் கமிட்டி' என்று ஒன்று அமைந்தது. தலைவர் துளசிராமன்; ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் அவருடையது. காரியதரிசி ஸம்பத்குமார், திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம். கும்மிடிப்பூண்டியில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். தீர்மானம் எழுதாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

1963 ஐப்பசியில் திறப்பு விழா. துளசிராமன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம ஊரு பொம்பளைங்க இது வரிக்கும் தண்ணியில குளிச்சாங்கோ. இனிமே கட்டடத்துல குளிப்பாங்கோ. ஏரிய எவன் வேணா பாக்கலாம். இந்தக் கட்டடத்த நான் ஒருத்தன்தான் பாக்கலாம். சாவி என் இடுப்புல கீது. மானம்னா இன்னான்னு இப்பத் தெரியுதா?"

கைதட்டல் வானைப் பிளந்தது. பெண்களுக்குப் பின்வரிசையில் இடம் கொடுத்திருந்ததால், அவர்களுக்குப் பேச்சு சரியாகக் கேட்கவில்லை.

ஸம்பத்குமார் ஒரு விசேஷ ஏற்பாடு செய்திருந்தார். திருவள்ளூர்க் கோயில் புஷ்கரிணியிலிருந்து ஒரு குடம் தீர்த்தத்தை, அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ராமபத்ரன் முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதைத் தொட்டியில் சேர்த்துவிட்டு, "இனிமே அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்றார்.

அவர் அதை மரியாதைக்குச் சொன்னார். ஊர் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டது.

திருவள்ளூர்க் குளத்துத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைப்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெல்லம் கரைவதுபோல உடம்பிலிருக்கும் கட்டி, மரு, அரிப்பு எல்லாம் கரைந்துபோகும் என்பது நம்பிக்கை. அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். குணசுந்தரிக்கு முதுகில் அரிப்பு. திருவள்ளூர் போக இரண்டு பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் வேலை போய்விடும். இங்கேயே அதே குளம் இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்? ஐப்பசி அமாவாசையன்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி வெல்லம் கொண்டுவந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டியில் போட்டாள்.

ஒரு வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டது. தினமும் நாலு சுவருக்குள் புடவையை அவிழ்த்துவிட்டு முதுகு தேய்த்துக் குளித்ததால் நின்றது என்று சொல்ல ஊரில் டாக்டர் இல்லை. கார்த்திகை அமாவாசைக்கு மில்லே திரண்டு வெல்லத்தோடு வந்தது. தை அமாவாசைக்கு நாலு ஊர்களிலிருந்து மாட்டு வண்டிகள். முந்நூறு பேர். தொட்டி பாகு காய்ச்சிய அண்டா போல ஆனது.

மூன்றாம் நாள் ஆதிநாராயணன் வந்தார்.

கதவுக்குச் சீல் வைக்கப்பட்டது. மறுநாள் குணசுந்தரி ஸ்டேஷனுக்குப் போனாள்.

"ஐயா, நான்தான் மொதல்ல போட்டேன். எழுதிக்க. என்னை இன்னா வேணா பண்ணு. கதவைத் தொறந்து வுட்ரு."

"எவ்ளோ போட்ட?"

"ஒரு கட்டி. இம்மாம்."

"எதுக்கு?"

"அரிப்புக்கு."

ஆதிநாராயணன் பேனாவை மூடினார். "ஏம்மா, ஒம்பதாயிரம் லிட்டர் ஊறலு. ஒரு கட்டி வெல்லம்னு கொண்டு போனா ஜட்ஜு சிரிப்பாரு. இதுக்குப் பின்னால பெரிய கும்பல் இருக்குது."

"கும்பல்தான் சார். அமாவாசைக்கு முந்நூறு பேரு."

"எதுக்கு வந்தாங்க?"

"சாமி கும்புட."

"சாமி கும்புடுறவன் சாராயம் காச்ச மாட்டான். அப்ப அவங்க இல்ல. இது வேற கும்பல். நீ போ."

அவள் மூன்று முறை போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மூன்றாவது முறை, போலீசாரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்று எச்சரித்து ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கி அனுப்பினார்கள்.

மாதிரித் தண்ணீர் சோதனைக்குப் போனது. வெல்லமும் சீயக்காயும் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. இதைப் பார்த்துவிட்டு ஆதிநாராயணன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் தொட்டியோடு நிற்கும் போட்டோ பேப்பரில் வந்திருந்தது. இன்ஸ்பெக்டர் பதவியும் வந்திருந்தது. ஒன்பதாயிரம் லிட்டரை இனிமேல் யாராலும் தண்ணீராக மாற்ற முடியாது. 'சாராய ஊறலில் வழக்கமாகப் போடும் வேலம்பட்டைக்குப் பதிலாகச் சீயக்காயை ஊறப் போடும் நூதன முறை' என்று அவர் மேலே எழுதினார். சீயக்காய் வாங்குகிறவர்களைக் கண்காணிக்கும்படி எல்லா ஸ்டேஷனுக்கும் உத்தரவு போனது. எலந்தவாக்கம் மளிகைக்கடைக்காரர் அன்றே சீயக்காய் மூட்டையைக் கிடங்குக்குள் மறைத்தார்.

"சோப்பாவது விப்பியா?" என்று குப்பம்மாள் கேட்டாள்.

"இப்போதைக்கு விக்கிறேன். அதிலேயும் இன்னா காச்சறாங்கன்னு கண்டுபுடிக்கிற வரிக்கும்" என்றார் அவர்.

ஊறலை என்ன செய்வது என்ற பிரச்சினை எழுந்தது. சாதாரணமாகப் பானையைப் பிடித்தால் அங்கேயே கவிழ்த்துவிடுவார்கள். தொட்டியைக் கவிழ்க்க முடியாது. திறந்துவிட்டால் வாய்க்கால் வழியாக ஏரிக்குத்தான் போகும். கமிட்டி பூங்காவில் கூடியது. ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸம்பத்குமார் எழுந்தார்.

"பிரஸிடெண்ட் ஸார், கொஞ்சம் யோசிக்கணும். ஊறல் ஏரியிலே கலந்தா ஏரியும் ஊறல்னு ஆகும். நூத்து நாப்பது ஏக்கர் ஊறல். அந்த ஏரித் தண்ணியிலேதான் உங்க நெல் வெளையறது. கேஸ்லே மொதல் எதிரி யாருன்னு நான் சொல்லணுமா?"

துளசிராமன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தொறக்காத. ஒரு சொட்டு வெளிய போவக்கூடாது. பொம்பளைங்க ரெண்டு நாளு குளிக்கலன்னா செத்தா பூடுவாங்க?"

இரண்டு நாள் இரண்டு வருஷம் ஆனது. கேஸ் வாய்தா மேல் வாய்தா வாங்கியது. 1966 கோடையில் ஆதிநாராயணன் வழக்குச் சொத்தைப் பார்வையிட வந்தார். தொட்டியில் இரண்டு சாண் தண்ணீர்தான் இருந்தது.

"ரிக்கார்டுல ஒம்பதாயிரம். மீதி எங்க?"

"வெயில்லே போயிடுத்து" என்றார் ஸம்பத்குமார்.

"வெயில் மேல நான் கேஸ் போட முடியுமா? வழக்குச் சொத்தத் தொலைச்சதுக்கு உங்க கமிட்டி மேலதான் போடுவேன்."

அன்று மாலையே தீர்மானம் நிறைவேறியது. 'வழக்குச் சொத்தின் அளவு குறையாமல் பாதுகாப்பது கமிட்டியின் கடமையாகையால், மாதந்தோறும் ஏரியிலிருந்து நீர் இறைத்து, அளவுக் கோடு வரை ஊறலை நிரப்பிவர வேண்டியது.' மாதம் ஒரு நாள் சீலை உடைத்து, மோட்டார் போட்டு, நிரப்பி, புதுச் சீல் வைத்தார்கள். 1967-ல் பாசி பிடித்துவிட்டது. ஆபீசர்கள் வந்து பார்க்கிற இடம் அசிங்கமாக இருக்கக் கூடாது என்று தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவ உத்தரவானது. அடியில் இருந்தது பாசிதான், ஊறல் இல்லை என்று ஸம்பத்குமார் குறிப்பு எழுதிய பிறகு அது வெளியேற அனுமதிக்கப்பட்டது.

தேய்த்துக் கழுவக் கூப்பிடப்பட்டவள் குணசுந்தரி.

தென்னமட்டையால் மூலை மூலையாகத் தேய்த்தாள். கடைசிக் குடம் ஊற்றிக் கழுவினாள். மோட்டார் ஓடியது. கண்ணாடி போலத் தண்ணீர் ஏறியது. அடியில் சிமெண்டில் கொத்தனார் இழுத்த கரண்டிக் கோடுகூடத் தெரிந்தது. அவள் கழுத்தெல்லாம் காலையில் ஏறிய சுணை.

"நைனா, ரெண்டு சொம்பு ஊத்திக்கினு போறேன்."

வாசலில் குடையோடு நின்ற துளசிராமன் பதறினார். "கிட்டப் போவாத! அது ஊறலு."

"இன்னா நைனா பேஜாரு இது? இப்பத்தான் என் கையால கழுவுனேன். பச்சத் தண்ணி."

"கழுவச்சொல்ல அது தொட்டி. ரொப்புனதுக்கு அப்பால அது ஊறலு. நீ ஊத்திக்கினா சாட்சியத்தத் தலையில ஊத்திக்கினா மாதிரி. ஆறு மாசம் உள்ள போவ."

"உள்ள போனா அங்க குளிக்க வுடுவாங்களா?"

துளசிராமனுக்கு அது தெரியவில்லை. ஸம்பத்குமாரைப் பார்த்தார். விசாரித்துச் சொல்வதாக ஸம்பத்குமார் குறித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். ஊறல் ஏரியிலிருந்துதானே நிரப்பப்படுகிறது? ஆக ஏரியும் வழக்கோடு சம்பந்தப்பட்டது. பூங்கா வாசலிலிருந்து மதகு வரை பலகைகள் நடப்பட்டன. 'இப்பகுதியில் குளிப்பது வழக்கின் சாட்சியத்தைக் கலைப்பதாகும்.' வயலுக்குப் பாயும் தண்ணீரைப் பற்றிப் பலகையில் எதுவும் எழுதவில்லை.

டீக்கடை பெஞ்சுகள் சில மாதம் காலியாக இருந்தன. பதினேழு பெண்களும் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்குப் போனார்கள். முழங்கால் அளவு தண்ணீர். குப்பம்மாளுக்கு ஈரப் புடவையோடு நடந்து நடந்து இருமல் வந்து தங்கிவிட்டது. டீக்கடைக்காரர் ஆறு மாதத்தில் கலங்கல் பக்கமாக ஒரு கிளை திறந்தார்.

இப்படி நாலு வருஷம். மில்லில் பேச்சுக் குறைந்துபோனது. நடக்கிற தூரத்துக்கு மூச்சை மிச்சம் வைத்துக்கொண்டார்கள்.

1971 ஆகஸ்டு முடிவில் மதுவிலக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று பூங்கா ரேடியோ சொன்னது. மறுநாள் காலை குணசுந்தரி சொம்பு, மாற்றுப் புடவை, துணைக்குக் குப்பம்மாளோடு துளசிராமன் வீட்டு வாசலில் நின்றாள்.

"நைனா, இனிமே ஊறலு தப்பில்லையாமே. சாவியக் குடு."

"அவசரப்படாத குணா. கமிட்டி கூடணும்."

கமிட்டி கூடியது. இப்போது பெரிய இன்ஸ்பெக்டராகிவிட்ட ஆதிநாராயணனும் வந்திருந்தார். வழக்கு வாபஸ் ஆகிவிட்டது. ஆனால் ரிக்கார்டில் ஒன்பதாயிரம் லிட்டர் அப்படியே இருந்தது. அதைக் 'குளிக்கும் தண்ணீர்' என்று மாற்றி எழுதினால், ஏழு வருஷமாகத் தண்ணீரைக் காவல் காத்தது யார் என்று மேலே கேட்பார்கள்.

"மாத்தவே வேண்டாம்" என்றார் ஸம்பத்குமார். "தாலுகாவிலே ஏழு வருஷம் இடைவெளியில்லாம சரக்கு இருப்பு காட்டற கட்டடம் வேறே இருக்கா? சாராயக்கடை வைக்க இடம் தேடிண்டிருக்கா. முழுத் தகுதியும் இதுக்குத்தான் இருக்கு."

ஆதிநாராயணன் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். கடையைத் துளசிராமனின் மச்சான் எடுத்தார்.

மறுபடியும் திறப்பு விழா. அதே பூங்கா. அதே மைக். ராமபத்ரனையும் கூப்பிட்டார்கள், அவருக்கு அன்று காய்ச்சல். துளசிராமன் பேசினார்.

"ஏழு வருசமா இந்தக் கட்டடத்துல சரக்கு கீதுன்னு கவர்மெண்டு சொல்லிச்சி. நாம நம்பல. கோர்ட்டுக்கு அலைஞ்சோம். இன்னிக்கு கவர்மெண்டு சொன்னத நாமளே நெசமாக்கிக் காட்டிட்டோம். இதுக்கு மேல ஒரு ஊரு அரசாங்கத்தோட எப்படி ஒத்துப் போவ முடியும்? இன்னொண்ணும் சொல்றேன். ஆம்பளைங்க ரோட்டோரத்துல நின்னு குடிச்சா பஸ்ஸுல போறவங்க பாக்கறாங்கோ. மானக்கேடு. ஒரு ஆம்பளைக்கு நாலு செவுரு வேணும்."

இந்த முறை குணசுந்தரி முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாம் நன்றாகக் கேட்டது.

வாசலில் 'மகளிர் குளியல் கூடம்' என்ற பலகை அப்படியே இருந்தது. பெயரை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும். கேட்டால் கேள்விகள் வரும். அந்தப் பலகைக்குக் கீழே தலையைக் குனிந்து ஆண்கள் உள்ளே போனார்கள். நிமிர்ந்து போன சிலரும் தலையைத் தொங்கப்போட்டுத்தான் வெளியே வந்தார்கள். குணசுந்தரியின் புருஷனும் போனான். "உள்ள ஜில்லுனு கீது" என்று வந்து சொன்னான். அன்று அவன் சோற்றைத் தானே போட்டுத் தின்ன வேண்டியிருந்தது.

மில் பெண்கள் மேலே ஒரு மனு அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஸம்பத்குமாரே அதைப் படித்துக் காட்டினார்: "எலந்தவாக்கத்தில் மகளிர் குளியல் கூடம் தினமும் திறக்கப்பட்டு, பொதுமக்களால் பெருமளவில் பயன்படுத்தப்பட்டு வருவதாக ஆவணங்களில் காண்கிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை."

"பெருமளவுன்னா?" என்றாள் குப்பம்மாள், இருமலுக்கு நடுவில்.

"நெறைய பேர்னு அர்த்தம்."

"அது நெசந்தான்."

1974-ல் ஏரிக்கு வடக்கே தொழிற்பேட்டைக்கென்று அளந்து கல் நட்டார்கள். கலங்கலைச் சுற்றி முள்கம்பி வந்தது. கம்பிக்குள் ஒரு கூர்க்கா வந்தான். பெண்கள் அங்கேயும் போக முடியவில்லை. மில்லுக்குப் பின்னால், நெல் அவித்த கழிவுத் தண்ணீர் தேங்கும் குட்டை ஒன்றுதான் பாக்கி. அதில் குளித்தால் அரிப்பு போகாது, கூடும். குணசுந்தரி இரண்டு நாளாகக் குளிக்கவில்லை. கழுத்தைச் சுற்றித் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனால் வீட்டிலும் அதே அரிப்புதான்.

அந்தச் சமயத்தில்தான் மதுவிலக்கு மறுபடியும் வந்தது. சாராயக்கடைகளை மூட வேண்டும். பகல் இரண்டு மணிக்கு ஆதிநாராயணன் ஜீப்பில் வந்து இறங்கினார். அரக்கு, நாடா, சோதனை விவரத்தை மகஜராக எழுதக் காகிதக்கட்டு எல்லாம் இருந்தன. ரிடையர் ஆக அவருக்கு இரண்டு மாதம். கான்ஸ்டபிள் நேராக உள்ளே நுழையப் போனார்.

"நில்லுங்கோ!" என்றார் ஸம்பத்குமார். எழுபது வயதிலும் குரல் கணீரென்றிருந்தது. "ஆவணப்படி இது பெண்கள் குளிக்கிற இடம். சோதனை போடறதுக்கு முன்னாடி ஒரு பெண் உள்ளே போய், யாரும் இல்லைன்னு பார்த்துச் சொல்லணும். இல்லைன்னா மகஜர் செல்லாது."

"மூணு வருசமா உள்ள ஆம்பளைங்க குடிச்சாங்க சுவாமி."

"அது நடைமுறை. நான் சொல்றது விதி."

ஆதிநாராயணன் சுற்றிலும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி மில் வாசலில் உமிச் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கான்ஸ்டபிள் போய்க் கூட்டிவந்தார்.

"யம்மா, உள்ள போய்ப் பாரு. யாரும் இல்லைன்னு சொல்லு. அவ்ளோதான்."

குணசுந்தரி உள்ளே போனாள். பெஞ்சுகள் ஒரு மூலையில் கிடந்தன. நடுவில் தொட்டி. சரக்கில் கலப்பதற்காக முந்தின நாள்தான் கடைக்காரர் தொட்டியை முட்ட முட்ட நிரப்பியிருந்தார். அவள் அதைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இன்னும் இருந்தது.

வெளியே நின்றவர்களுக்குத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"பாத்தாச்சாம்மா?"

"பாத்துக்கினு கீறேன்."

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு பொம்பள கீறா."

"யாரு?"

"நான்தான்."

சலார் என்று தண்ணீர் விழுந்தது. மறுபடியும் சலார். கான்ஸ்டபிள் கதவில் தோளை வைக்கப் போனார். ஸம்பத்குமார் குடையை நீட்டித் தடுத்தார். பெண் உள்ளே இருக்கும்போது ஆண் நுழையக் கூடாது, அதுவும் விதி. ஆதிநாராயணன் தொப்பியைக் கழற்றிவிட்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. குணசுந்தரியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பத்து வருஷத்தில் அவளுடைய நிறத்தை அங்கே நின்ற யாரும் பார்த்ததில்லை.

"உள்ள யாரும் இல்ல சார்" என்றாள். கைநாட்டு வைத்தாள்.

"சீல் வை" என்றார் ஆதிநாராயணன்.

"எப்படி வைக்கறது? மகஜர்லே குறைஞ்சது ரெண்டு சாட்சி வேணும்" என்றார் ஸம்பத்குமார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் குப்பம்மாள் மில் வாசலிலிருந்து எழுந்திருந்தாள். கையில் சோப்பு இருந்தது. "நான் பாக்கறேன். எனக்கு ஒரு கண்ணு மங்கலு, கொஞ்சம் நேரமாவும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்போட்டாள்.

அவள் வெளியே வந்ததும் ஸம்பத்குமார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யோசித்தார். இரண்டு சாட்சியும் ஒரே தெரு. உறவு என்று சொல்லிக் கோர்ட்டில் தள்ளிவிடுவார்கள். வேறு தெருவிலிருந்து ஒரு சாட்சி அவசியம். வேறு தெருக்காரி மேரி அதற்குள் வாசற்படியில் காலை வைத்திருந்தாள். அவளுக்குப் பிறகு, ஒற்றைப்படையில் சாட்சி இருந்தால் சரியில்லை என்று அவரே சொன்னார். அப்புறம் யாரும் காரணம் கேட்கவில்லை. மில்லிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பூங்காவைச் சுற்றி வரிசை நின்றது. குரோட்டன்ஸ் செடிகளின் மேல் பிழிந்த புடவைகள் காய்ந்தன.

துளசிராமன் செய்தி கேட்டு ஓடிவந்தார். "ஆதிநாராயணன் சார், இன்னா இது? யாரு இவங்களுக்குப் பர்மிஷன் குடுத்தது?"

"எல்லாரும் அரசுத் தரப்பு சாட்சிங்க" என்றார் ஆதிநாராயணன், கண்ணை மூடிக்கொண்டே. "நீங்களும் உக்காருங்க. முடியட்டும்."

மகஜர் மாலை ஆறு மணிக்குத்தான் முடிந்தது. 'கட்டடத்தினுள் சென்று சோதித்த சாட்சிகள் பதினேழு பேர். ஒவ்வொருவரும் சோதிக்கப் பத்து முதல் பதினைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டனர். உள்ளே சட்டவிரோதமான பொருள் எதுவும் இல்லையென்று பதினேழு பேரும் ஒன்றுபோல் சொன்னார்கள். கைநாட்டுகள் ஈரத்தில் பரவியிருப்பதால் எது யாருடையது என்று பிரித்தறிய இயலவில்லை.'

அரக்கை உருக்கி ஊற்றினார்கள். நாடா இழுத்துக் கட்டப்பட்டது. பித்தளை முத்திரை அழுந்தியது. ஆதிநாராயணன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். குணசுந்தரி ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், அடுத்த சோதனை எப்போ?"

அவர் டிரைவரைக் கிளப்பச் சொல்லவில்லை. பதினாறு ஈரத் தலைகளும் பதிலுக்காக ஜீப்பைச் சுற்றி நின்றன.